மணி கேட்டால் குழாய் வந்தது

எங்கள் ஆலயத்துக் கோபுரத்தில் மணி இல்லை. முன்பு இருந்த மணியில் விரிசல் விட்டு, அடித்தால் தகர டின்னைத் தட்டுவதுபோலக் கேட்டதாம். நான் பிறப்பதற்கு முன்பே அதை இறக்கிவிட்டார்கள். பிறகு ஒரு வருடம், ஆம்பூருக்கு மொத்தமாக ஷூ வாங்க வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஞாயிறு ஆராதனைக்கு வந்தார். வெறும் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து விசாரித்துவிட்டு, ஊருக்குப் போனதும் மணி அனுப்பிவைக்கிறேன் என்றார். இப்படிச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் யாரும் எதையும் அனுப்புவதில்லை என்பது ஊர் அறிந்த விஷயம். இவர் அனுப்பிவிட்டார். சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

சென்னையிலிருந்து லாரியில் மரப்பெட்டி வந்து இறங்கிய அன்று ஆலய வளாகத்தில் திருவிழாக் கூட்டம். கோபுரத்துக்குப் புதிதாக வெள்ளையடித்து, மணியில் கட்டுவதற்குக் கயிறுகூட வாங்கி வைத்திருந்தார்கள். பெட்டி ஆள் நீளத்துக்கு இருந்தது. மணி படுத்துக்கொண்டு வருகிறதோ என்று பேசிக்கொண்டார்கள். ஆணிகளைப் பிடுங்கி மூடியைத் திறந்தால், உள்ளே கண்ணாடிபோல் பளபளக்கும் குழாய்கள். பெரியவர்களின் தோள் உயரத்துக்கு ஒன்று, அதைவிடக் கொஞ்சம் சிறியதாக ஒன்று, இப்படிக் குறைந்துகொண்டே வந்து, கடைசிக் குழாய் என் இடுப்பளவுக்கு இருந்தது. அவற்றைத் தொங்கவிட ஒரு இரும்புச் சட்டமும், அதன் அடியில் காலால் மிதிக்க ஒரு மிதிகட்டையும். கூட்டத்தில் ஒருவர், இது பாத்ரூம் பைப்பு, பெட்டி மாறி வந்துவிட்டது என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்.

எங்கள் பாட்டு வாத்தியார்தான் அதை அடையாளம் கண்டுகொண்டார். அவர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர். ஆலயத்தில் பாடகர் குழுவை நடத்துபவர். இதற்கு டியூபுலர் பெல்ஸ் என்று பெயர், பெரிய பெரிய இசைக்குழுக்களில் கோயில் மணி ஓசை வேண்டுமென்றால் கோபுரத்தையா மேடைக்குத் தூக்கி வர முடியும், அதற்காகச் செய்த வாத்தியம் இது என்று விளக்கினார். கோபுரத்தில் மாட்டினால் தெருவுக்குக் கேட்குமா என்று கமிட்டியார் கேட்டார்கள். பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காது என்றார்.

"அவரு மணி அனுப்புறேன்னாரு. எந்த மணின்னு நாமதான் கேக்கல" என்றார் ஆயர் கடைசியில்.

அந்தப் பெட்டியைத் தூக்கி வந்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். அப்பா தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலையில், வேலை பார்த்தார். தோலைச் சீவி ஒரே கனமாக ஆக்குகிற மிஷின் ஒன்று உண்டு. அதன் அலறலுக்கு முன்னால் பல வருடங்கள் நின்று அவருக்குக் காது போய்விட்டது. முழுக்கப் போகவில்லை. எது கேட்கும், எது கேட்காது என்று யாராலும் சொல்ல முடியாதபடி போயிருந்தது. உயரமான குரல்கள்தான் முதலில் போகும், பெண்கள் குரலும் பிள்ளைகள் குரலும் அப்படித்தான் மறையும் என்று பின்னாளில் ஒரு மருத்துவர் எனக்கு விளக்கினார். அப்போது வீட்டில் அது யாருக்கும் தெரியாது. பாய் கூப்பிட்டால் மட்டும் காது கேட்கிறது, நான் கூப்பிட்டால் கேட்பதில்லை என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். பாய் என்றால் அப்பாவோடு ஷாப்பில் வேலை பார்த்தவர், வாணியம்பாடிக்காரர். அவர் குரல் பீப்பாய்க்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும்.

அப்பாவும் அம்மாவும் ஒரே பாடகர் குழுவில் பாடியவர்கள். அப்பா ஆண்குரலில் டெனர், அம்மா பெண்குரலில் உச்சமான சோப்ரானோ. அந்தப் பழக்கத்தில்தான் கல்யாணமே நடந்தது என்று சொல்வார்கள். காது மந்தமானதும் அப்பா குழுவிலிருந்து நின்றுவிட்டார். அம்மா தொடர்ந்து பாடினாள். ஷூ கம்பெனியில் நாள் முழுக்கத் தையல் மிஷினில் உட்கார்ந்துவிட்டு வந்து, ஒத்திகைக்கும் போவாள். வீட்டில் அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதென்றால் அது என் வழியாகத்தான். அம்மா என்னிடம் சொல்வாள். நான் அப்பாவின் வலது காதோரம் போய்க் கத்துவேன். அப்பா பதில் சொல்வார். ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பெண்ணுக்கு வீட்டில் இவ்வளவு அதிகாரம் கிடைப்பது அபூர்வம். நான் அதை நன்றாகவே அனுபவித்தேன். நீளமான செய்திகளைச் சுருக்குவேன். எனக்குப் பிடிக்காததை விட்டுவிடுவேன்.

குழாய்களைச் சட்டத்தில் மாட்டி முடித்தபோது ஒரு பையன் மிதிகட்டையில் ஏறி நின்று, கையில் கிடைத்த கட்டையால் பெரிய குழாயைத் தட்டினான். ஆலயத்துக்குள் ஓர் ஓசை எழுந்து, அடங்க மனமில்லாமல் நின்றது. வாசலில் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த அப்பா திரும்பிப் பார்த்தார்.

அப்பா அப்படித் திரும்பி நான் பார்த்ததே இல்லை. அவர் நேராகச் சட்டத்தருகே வந்து, பையனை இன்னொரு முறை தட்டச் சொல்லி, உள்ளங்கையை அந்த இரும்பில் வைத்துக்கொண்டார். ஓசை முழுவதும் ஓயும் வரை கையை எடுக்கவில்லை. பாட்டு வாத்தியார் அதைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

கிறிஸ்துமஸ் கீத ஆராதனையில் இந்த வாத்தியத்தை வாசித்தே ஆக வேண்டும், அனுப்பியவருக்குப் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று கமிட்டி முடிவு செய்தது. வாசிப்பவருக்கு இசைக்குறிப்பு படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். குழுவில் அது தெரிந்த எல்லோரும் பாட வேண்டியவர்கள். பாட்டு வாத்தியார் எங்கள் வீட்டுக்கு வந்து, அப்பாவைக் கேட்டார். நீங்கள் காதால் பிடிக்க வேண்டாம், என் கையைப் பார்த்து அடித்தால் போதும் என்றார். அவர் போன பிறகு அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"தெருவுல கூப்ட்டா திரும்பலன்னு ஏற்கெனவே செவுடன்னு பேர் வெச்சிட்டாங்க. கோயில்லயும் நாலு பேர் பாத்து சிரிக்கணுமான்னு கேளு."

அந்த ஒரு செய்தியை மட்டும் நான் சுருக்கவில்லை. சுருக்கத் தெரியவில்லை. அப்படியே காதில் கத்தினேன். அப்பா கொஞ்சமும் வருத்தப்படாமல், வழக்கமான உரத்த குரலில் பதில் சொன்னார்.

"சிரிச்சா எனக்கு கேக்கவா போவுது?"

அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

வாத்தியம் வந்துவிட்டது, அடிப்பதற்குச் சுத்தியல் வரவில்லை. வழியில் எங்கோ தொலைந்துவிட்டது. தச்சரின் மரச்சுத்தியலால் அடித்தால் ஓசை மொண்ணையாக விழுந்தது. இரும்புச் சுத்தியலை ஒரே ஒரு அடியோடு நிறுத்திவிட்டார்கள். அந்த வடு இன்றும் ஒரு குழாயில் இருக்கிறது. வெளிநாட்டில் இதைப் பச்சைத் தோலைச் சுருட்டிச் செய்த சுத்தியலால் அடிப்பார்கள் என்று பாட்டு வாத்தியார் ஏதோ புத்தகத்தில் கண்டுபிடித்தார். ஆம்பூரில் இருந்துகொண்டு தோலுக்குக் கஷ்டப்பட வேண்டுமா என்று எல்லோருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. அப்பா ஷாப்பிலிருந்து, முடி நீக்கிய, இன்னும் பதனிடாத எருமைத் தோல் துண்டு ஒன்றை எடுத்துவந்தார். ஈரத்தோடு இறுக்கிச் சுருட்டி, கம்பி கட்டி, மாடிச் சுவரில் காய வைத்தார். நன்றாகக் காய்ந்து கட்டை மாதிரி ஆனதும், அதைத் தெருநாய் ஒன்று தூக்கிக்கொண்டு போய்விட்டது. நான் பால்மார்க்கெட் வரை துரத்திக்கொண்டு ஓடினேன். நாய் நின்று ஒரு முறை என்னைப் பார்த்தது. அவ்வளவு அருமையான பொருளை அதற்கு யாரும் கொடுத்திருக்கமாட்டார்கள். திருப்பித் தரும் எண்ணம் அதற்கு இல்லை.

இரண்டாவது சுத்தியலை ஷாப்பிலேயே செய்து, அங்கேயே காய வைப்பது என்று ஏற்பாடாயிற்று. அந்தச் சனிக்கிழமை அப்பா சாப்பாட்டுக் கேரியரை மறந்துவிட்டுப் போனதால், நான் எடுத்துக்கொண்டு போனேன். அதுவரை நான் ஷாப்புக்குள் போனதில்லை. உள்ளே தோல்களைப் போட்டு ஊறவைக்கிற, வீடு போன்ற பெரிய மர டிரம்கள் சுற்றிக்கொண்டிருந்தன. மிஷின்கள் போட்ட இரைச்சலில் என் குரலே எனக்குக் கேட்கவில்லை. அங்கே யாரும் வாயால் பேசவில்லை. எல்லோரும் கையால் பேசிக்கொண்டிருந்தார்கள். டிரம்மை நிறுத்து என்பதற்கு ஒரு கை. டீ வந்துவிட்டது என்பதற்கு ஒரு கை. முதலாளி வருகிறார் என்பதற்கு, தாடியைத் தடவுகிற ஒரு கை.

அந்தக் கூட்டத்தில் எல்லோரையும்விட அதிகமாகப் பேசிக்கொண்டிருந்தவர் என் அப்பாதான். பாய் எதிரே நின்று தோலைச் சுருட்டிக்கொண்டிருக்க, அப்பாவின் கைகள் ஓயாமல் எதையோ சொல்லிக்கொண்டிருந்தன. புருவம், தோள், கன்னம் எல்லாம் சேர்ந்து பேசின. பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வீட்டில் அப்பாவை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. சாப்பாட்டு இடைவேளையில் மிஷின்கள் நின்றதும், அப்பா என்ன சொன்னார் என்று பாயிடம் கேட்டேன். அவர் ஒவ்வொன்றாக எனக்கு அர்த்தம் சொன்னார். கேரியரைத் திறந்து முகர்ந்துவிட்டு அப்பா விரல்களால் எதையோ கிள்ளிப் போடுவதுபோலக் காட்டினார். அதற்கும் பாய் அர்த்தம் சொன்னார்.

அன்று சாயங்காலம் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பெரிய செய்தி கொண்டுவந்த களிப்பில் நான் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அப்பா அங்கே பேசிக்கொண்டே இருக்கிறார், எல்லோரையும் சிரிக்க வைக்கிறார், எல்லாம் கையாலேயே பேசுகிறார் என்றேன். அம்மாவின் கை கீரைத் தண்டில் நின்றுவிட்டது.

"இன்னா பேசிக்கிறாங்க?"

"எல்லாம்தாம்மா. நீ வெக்கிற கொழம்பப் பத்திகூட."

"இன்னான்னாரு?"

"காரம் கம்மின்னாரு."

அம்மா சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கீரையை அப்படியே வைத்துவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். மறுநாள் குழம்பில் காரம் தூக்கலாக இருந்தது. அப்பா தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டார். என்னிடம் எந்தச் செய்தியும் தரப்படவில்லை.

புதுச் சுத்தியல் அருமையாக அமைந்தது. அடித்தால் ஓசை தெளிவாக எழுந்து, உள்ளே ஓர் இனிமையோடு நீண்டது. ஒத்திகையில் ஒரே ஒரு குறை, அதன் வாடை. பாடகர் குழுப் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பாடினார்கள். ஒருவர் அதன்மேல் முகத்துக்குப் போடும் பவுடரைக் கொட்டினார். தோல் வாடையும் ரோஜாப்பூ வாடையும் சேர்ந்து புதிதாக ஒன்று உருவாகி ஆலயத்தில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

அந்த வாத்தியத்தில் அடிப்பதைவிடக் காத்திருப்பதுதான் அதிகம். பல வருடங்களுக்குப் பிறகு பெங்களூரில் ஓர் அரங்கில் பெரிய இசைக்குழு ஒன்றைக் கேட்கப் போனேன். கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் அந்தக் குழாய்களுக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் சும்மா நின்றார். பிறகு சுத்தியலை எடுத்து மெதுவாகச் சில அடிகள் அடித்துவிட்டு, மறுபடியும் நின்றார். பக்கத்தில் இருந்தவர்கள் அவரைக் கவனிக்கவே இல்லை. நான் அவரை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கும் அப்படித்தான். ஒவ்வொரு சரணமும் முடிகிற இடத்தில் நான்கு அடி. பாட்டின் முடிவில் மட்டும் கொஞ்சம் நீளமாக. சின்ன ஸ்டூலின்மேல் ஒரு காலும் மிதிகட்டையில் ஒரு காலுமாக நின்று, குழாய்களின் தலைப்பகுதியில், மூடிபோல இருக்கும் விளிம்பில் அடிக்க வேண்டும். மிதித்திருக்கும்வரை ஓசை நீளும், காலை எடுத்தால் அடங்கிவிடும். மற்ற நேரமெல்லாம் வாத்தியாரின் வலது கையைப் பார்த்தபடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒத்திகையில் ஒரு தடவைகூடத் தவறவில்லை. அம்மா பாடும்போது அந்தப் பக்கம் திரும்பவே மாட்டாள்.

கீத ஆராதனை அன்று உள்ளே இடமில்லாமல் வெளியே பந்தல் போட்டிருந்தார்கள். பாயும் வந்திருந்தார். சலவைச் சட்டை போட்டு, அத்தர் பூசி, கடைசி பெஞ்சில் கை கட்டி உட்கார்ந்திருந்தார். நான் பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் இருந்தேன். எங்கள் ஆலயத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். புருஷன் பெண்டாட்டியானாலும் தள்ளித்தான் உட்கார வேண்டும்.

கடைசிப் பாட்டுக்குத்தான் மணி. அதற்கு முன்னால் கமிட்டியார் யாருக்கும் சொல்லாமல் ஓர் ஆச்சரியம் ஏற்பாடு செய்திருந்தார்கள். திடீரென்று எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு, ஆளுக்கொரு மெழுகுவர்த்தியை ஏற்றச் சொன்னார்கள். ஒருவர் சுடரிலிருந்து அடுத்தவர் ஏற்ற, ஆலயம் முழுக்கச் சின்னச் சின்னச் சுடர்கள். எல்லோரும் ஆ என்றார்கள். பாட்டு தொடங்கியது.

அப்பா நின்ற இடம் பலிபீடத்துக்கு வலப்புறம், தூணுக்குப் பக்கத்தில். அவர் முகத்துக்கு எதிரே பாடகர்களின் சுடர்கள் ஆடிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு அப்பால் இருட்டு. வாத்தியாரின் கை அந்த இருட்டில் இருந்தது. முதல் சரணம் முடிந்தது. மணி வரவில்லை. அங்கே மணி வர வேண்டும் என்று தெரியாதவர்கள் அதைக் கவனிக்கவில்லை. எனக்குத் தெரியும். அப்பா கழுத்தை நீட்டி நீட்டிப் பார்ப்பது தெரிந்தது. இரண்டாம் சரணத்தின் நடுவே அவர் ஒரு கணக்குப் போட்டு அடித்தார். அது ஒரு வரியின் குறுக்கே போய் விழுந்தது. பாடகர்கள் தடுமாறினார்கள். எனக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அடுத்து இன்னொரு சிரிப்பு. அப்பா சுத்தியலைத் தாழ்த்திவிட்டார். சிரிப்பு அவருக்குக் கேட்டிருக்காது. ஆனால் முகங்கள் திரும்பியது தெரியுமே.

அப்போது அம்மா தன் மெழுகுவர்த்தியைப் பக்கத்தில் நின்றவள் கையில் கொடுத்துவிட்டு வரிசையைவிட்டு வெளியே வந்தாள்.

பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது, சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் பலிபீடத்துக்கு முன்னால் குறுக்கே நடந்தாள். அப்படி யாரும் நடந்து நான் பார்த்ததில்லை. வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் அப்பாவைத் திட்டத்தான் போகிறாள், சுத்தியலைப் பிடுங்கி வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அம்மா அவருக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவருடைய முதுகின் நடுவில் தன் உள்ளங்கையை வைத்திருந்தாள். அவள் பாடுவதை நிறுத்தவில்லை. பாடிக்கொண்டே, விரல்களால் அவர் முதுகில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. யார் கை என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் தோள்கள் தளர்ந்து இறங்கின. சுத்தியல் மெல்ல உயர்ந்தது. மூன்றாம் சரணம் முடிந்த அதே மூச்சில் மணி ஒலித்தது. ஒவ்வொரு அடியும் சரியான இடத்தில் விழுந்து, சுவர்களில் தொட்டு, எங்கள் தலைக்கு மேலே சேர்ந்து நின்றது. பாடகர்களின் குரல் அதன்மேல் ஏறிக்கொண்டது. வெளியே பந்தலில் இருந்தவர்கள் எழுந்து ஜன்னல்களில் எட்டிப் பார்த்தார்கள். கடைசி அடிகளை அப்பா கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். மிதிகட்டையிலிருந்து காலை எடுக்காமல் அந்த ஓசை தானாக ஓயும் வரை விட்டார்.

விளக்குகள் எரிந்ததும், கடைசி பெஞ்சில் பாய் எழுந்து நின்று கையால் ஏதோ காட்டினார். ஆலயத்தின் இந்தக் கோடியிலிருந்து அப்பாவும் கையால் பதில் சொன்னார். சபையே இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. அம்மாவும் பாயின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், பள்ளிக்கூடத்தில் கரும்பலகையைப் பார்ப்பதுபோல. அவள் கை இன்னும் அப்பாவின் முதுகிலேயே இருந்தது.

வரிசையைவிட்டு வந்ததற்காக ஓரிருவர் முணுமுணுத்தார்கள். ஆயர் அவர்களுக்கு ஏதோ பதில் சொல்லி அனுப்பிவிட்டார். அடுத்த வருடம் பாட்டு வாத்தியாரே அம்மாவுக்கு இடத்தை மணிக்குப் பக்கத்தில் மாற்றிப் போட்டார். அப்பா ஓய்வு பெற்று, கை நடுங்கத் தொடங்கும் வரைக்கும் அவர்தான் மணி அடித்தார். இப்போது பொறியியல் படிக்கிற ஒரு பெண், விடுமுறைக்குக் காட்பாடியிலிருந்து வந்து அடிக்கிறாள். கோபுரம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

அன்று ஆராதனை முடிந்து நாங்கள் மூவரும் நடந்தே வீட்டுக்குத் திரும்பினோம். பஜாரில் கடைகள் திறந்திருந்தன. பிரியாணிக் கடை வாசலில் கூட்டம். வழக்கமாக நான்தான் நடுவில் நடப்பேன். ஒரு கை அப்பாவிடம், ஒரு கை அம்மாவிடம். அன்று அவர்கள் இருவரும் முன்னால் சேர்ந்து நடந்தார்கள். நான் பின்னால் போனேன். அம்மா அப்பாவின் முழங்கையைத் தொட்டு, அவர் திரும்பியதும், பாய் காட்டியதுபோலக் கையால் எதையோ செய்து காட்டினாள். சரியாக வரவில்லை போலிருக்கிறது. அப்பா அவள் விரல்களைப் பிடித்து மடக்கிச் சரிசெய்தார். அவள் மறுபடி செய்தாள். அப்பா தெருவே திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகச் சிரித்தார்.

நான் ஓடிப்போய் நடுவில் நுழைந்தேன். "இன்னாம்மா சொன்ன? நான் சொல்றேன் அப்பாகிட்ட."

"ஒன்னுமில்ல. நீ நட."

அப்பாவின் காதருகே எம்பி, அம்மா என்ன சொன்னாள் என்று கத்தினேன். அவரும் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டிவிட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. இத்தனை நாள் நான் இல்லாமல் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள முடியாதவர்கள், இன்று என்னை வைத்துக்கொண்டே ரகசியம் பேசுகிறார்கள். வீடு வரும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே பின்தங்கி, செருப்பைத் தேய்த்து நடந்தேன். அவர்கள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று அது எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது.